ஆமென் சொல்லாத திங்கட்கிழமை

வெர்லீன் ஸ்டர்டிவன்டுக்கு வாயே கிடையாது என்று ஊரில் சிலர் சொல்வார்கள். அப்படிச் சொல்கிறவர்கள் யாரும் பள்ளிக்கூடச் சமையலறையில் அவள் முன்னால் தட்டை நீட்டி நின்றதில்லை. வார நாட்களில் அங்கே அவள் போடுகிற சத்தத்துக்குப் பயந்து பிள்ளைகள் கீரையை ஒரு இலை விடாமல் விழுங்கிவிட்டுத்தான் எழுந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் அவள் ஊமை. வெள்ளை உடுப்பு, வெள்ளைக் காலணி, வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு எங்கள் மவுண்ட் நெபோ சபை வாசலில் வந்து நின்றாளானால் ஆராதனை முடிகிற வரைக்கும் ஒரு வார்த்தை வராது.

வாசல் ஊழியத்தில் நிற்கிறவர்கள் பேசக் கூடாது. அது எங்கள் சபைகளில் எல்லாம் உள்ள கட்டுப்பாடு. கையுறை மாட்டிவிட்டால் கைதான் பேச வேண்டும். இடது கை மடங்கி முதுகுக்குப் பின்னால் போய்விடும். வலது உள்ளங்கையைக் கீழே பார்த்து இறக்கினால் எல்லோரும் உட்கார வேண்டும். மேலே பார்த்துத் தூக்கினால் எழுந்திருக்க வேண்டும். உள்ளங்கையை நேரே முகத்துக்கு எதிரே காட்டினால், உள்ளே ஜெபம் நடக்கிறது, நின்ற இடத்திலேயே நில் என்று அர்த்தம். ஜெபத்துக்கு நடுவில் ஒரு ஈ கூட உள்ளே வர முடியாது. ஒருமுறை கல்யாணத்தன்று நேரம் தப்பி வந்த மாப்பிள்ளையையே அவள் வாசலில் நிறுத்தி வைத்தாள். உள்ளே பெண்ணைப் பெற்றவருக்கு வேர்த்துக் கொட்டிற்று, இவள் அசையவில்லை.

நான் இடெல்லா. பிரிக்யார்ட் பேட்டையில் பெண்களுக்கு முடி பின்னி, நீவி, சுருட்டிவிடுகிற கடை வைத்திருக்கிறேன். வெர்லீன் அக்கா சனிக்கிழமைதோறும் என் நாற்காலியில் உட்காருவாள், அதனால் அவளைப் பற்றி நான் சொன்னால் அது வம்பு இல்லை, விவரம்.

எங்கள் ஹாலிடன் நகரம் ஆற்றங்கரையில் இருக்கிறது. ஒரு காலத்தில் பேட்டை ஆண்கள் பாதிப் பேருக்குச் செங்கல் சூளையில்தான் வேலை, பேட்டைக்குப் பெயரே அதிலிருந்து வந்ததுதான். அந்த நாளில் ஊருக்கு நடுவே நகரசபையின் பெரிய அரங்கம் ஒன்று இருந்தது. கச்சேரியோ நாடகமோ, கறுப்பு ஜனங்கள் பக்கவாட்டுச் சந்தில் போய், குப்பைத் தொட்டிகளைத் தாண்டி, இரும்புப் படியேறி மேல்தட்டில் உட்கார வேண்டும். கொடுக்கிற டிக்கெட் காசு மட்டும் முன்வாசல் காசு. போதுமடா சாமி என்று சூளைக்காரர்கள் ஒன்று சேர்ந்தார்கள். கோணல், வெடிப்பு என்று முதலாளி கழித்துப் போட்ட செங்கல்லைச் சுமந்து வந்து, வேலை முடிந்த பிறகு தாங்களே கட்டினார்கள். அதுதான் பிரிக்யார்ட் மன்றம். சுவர் நேராக இருக்காது. ஆனால் முன்னால் அகலமாக இரட்டைக் கதவு வைத்தார்கள், பக்கவாட்டில் கதவே வைக்கவில்லை.

திறப்பு விழா அன்று அந்தக் கதவைத் திறந்துவிட ஆள் வேண்டியிருந்தது. சபையில் அப்போதுதான் வாசல் ஊழியத்துக்குச் சேர்ந்திருந்த சின்னப் பெண் வெர்லீனை நிறுத்தினார்கள். "அன்னைக்கு ஒவ்வொருத்தரும் உள்ள வரும்போது மூஞ்சியப் பாத்தேன் இடெல்லா," என்று எத்தனையோ சனிக்கிழமை சொல்லியிருக்கிறாள். "வயசான ஆம்பளைங்க, சூளையில வெந்தவங்க. நான் கதவ தொறந்து பிடிச்சேன். அவங்களுக்கு உள்ள வரத் தெரியல. பக்கத்துல எங்கயோ வழி இருக்கான்னு பாத்துட்டு நிக்கிறாங்க." இதைச் சொல்லும்போது தலையை ஆட்டிவிடுவாள், என் கையில் இருக்கிற சூட்டுச் சீப்பு காதில் பட்டுவிடும். என்னிடம்தான் திட்டு விழும்.

பிறகு கூரை செப்பனிடக் காசில்லாமல் போனபோது மன்றத்தை நகரசபையிடம் ஒப்படைத்தார்கள். பராமரிக்கிறோம், ஜனங்களின் மன்றமாகவே வைத்திருக்கிறோம் என்று எழுதிக் கொடுத்துத்தான் வாங்கினார்கள். பராமரித்த லட்சணம் மழை பெய்தால் தெரியும். ஆனாலும் எங்கள் நாடகம் அங்கேதான். கல்யாண விருந்து, வாக்காளர் பதிவு, சாவு வீட்டுச் சாப்பாடு எல்லாம் அங்கேதான். எழுபதுகளில் இளவட்டங்களும் வந்து சேர்ந்தார்கள். பெரிய வட்டமாக முடி வளர்த்து, பூப்போட்ட தொளதொள சட்டை மாட்டி, ஆப்பிரிக்க மத்தளம் அடித்து, பள்ளிக்கூடத்தில் சொல்லித் தராத எங்கள் சரித்திரத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். சனிக்கிழமை காலையில் பேட்டைப் பிள்ளைகளுக்கு இலவசமாகச் சாப்பாடும் போட்டார்கள்.

அவர்களுக்குத் தலைவன் லெஸ்டர் பக்னர். எங்கள் சபையில் பிறந்து வளர்ந்த பையன்தான். பட்டாளத்துக்குப் போய்த் திரும்பியவன் சபைப் பக்கம் தலை வைத்துப் படுக்கவில்லை, பெயரையும் குவாமே என்று ஆப்பிரிக்கப் பெயராக மாற்றிக்கொண்டான். அவனுக்கும் வெர்லீன் அக்காவுக்கும் எந்த நேரமும் முட்டல்தான்.

"மிஸ் வெர்லீன், அந்தக் கையுறைய எப்ப கழட்டப் போறீங்க? வெள்ளக்காரன் வீட்டுல தட்டு தூக்குறவன் மாட்டுறது அது."

"உன் மத்தளத்த எப்ப நிறுத்துவ லெஸ்டர்? பரலோகத்துல இருக்குறவங்களே தூக்கம் கெட்டு எந்திரிச்சு உக்காந்திருக்காங்க."

"குவாமே."

"ஞானஸ்நானம் குடுக்கிறப்ப உன்னத் தண்ணியில முக்கி எடுத்ததும் துண்டு போட்டவ நான். அப்ப உன் பேரு லெஸ்டர்."

அவன் பல்லைக் கடித்துக்கொண்டு போவான். அவள் முகத்தைத் திருப்பிச் சிரிப்பாள். அந்தப் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை சாப்பாட்டுக்கு மாவு பிசைந்து கொடுத்ததே அவள்தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அப்படி இருக்கும்போதுதான் மன்றத்தை இடித்துவிட்டு அங்கே கார் நிறுத்த இடம் போடப்போவதாக நகரசபை அறிவித்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்றைக்கு ஒருத்தி தலையில் முடி நீவுகிற கலவையை அதிக நேரம் விட்டுவிட்டேன். கார் நிறுத்தவாம்! எங்கள் ஜனங்கள் கட்டியதில் நகரத்துக்குக் கண்ணில் பட்டது அந்தத் தரை மட்டும்தான்.

இடிப்பதா வேண்டாமா என்ற வாக்கெடுப்பு நாளில் பேட்டையே திரண்டு நகரசபைக் கூடத்துக்குப் போனது. உட்கார இடமில்லை. லெஸ்டரின் ஆட்கள் சுவரோரம் நின்று கோஷம் போட்டார்கள், மவுண்ட் நெபோ சபை ஜனங்களும் விட்டுக்கொடுக்காமல் எழுந்து நின்று சத்தம் போட்டார்கள். நகரசபைத் தலைவர் சுத்தியலால் தட்டித் தட்டிப் பார்த்தார், அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை. வாக்கெடுப்பைத் தள்ளிவைப்பதைத் தவிர அவருக்கு வேறு வழி இருந்திருக்காது. அதைத்தான் லெஸ்டர் திட்டம் போட்டு வைத்திருந்தான்.

வெர்லீன் அக்கா பின்னால் கதவோரம் நின்றிருந்தாள். அவள் எங்கே போனாலும் கதவோரம்தான் நிற்பாள். தலைவர் மறுபடியும் சுத்தியலைத் தட்டி, "அமைதி, தயவுசெய்து அமைதி!" என்றார். முன்னால் நிற்கிறவர் ஒருவர் அமைதி கேட்கிறார், கூட்டம் இரைகிறது. அவள் யோசிக்கவில்லை. எத்தனையோ வருஷத்துப் பழக்கம். இடது கை தானாக முதுகுக்குப் போயிற்று. வலது கை உயர்ந்தது, உள்ளங்கை கீழே பார்த்தது, மெதுவாக இறங்கியது.

உட்கார்ந்துவிட்டோம் ஐயா. அத்தனை பேரும் உட்கார்ந்துவிட்டோம். தொட்டில் பிள்ளையாக இருந்த நாள் முதல் அந்தக் கைக்குக் கீழ்ப்படிந்தவர்கள் நாங்கள். நாற்காலி இல்லாதவர்கள் தரையில் உட்கார்ந்தார்கள். வாய்கள் மூடிக்கொண்டன. லெஸ்டர் பாதிக் கோஷத்தில் இருந்தவன், அவனுடைய முழங்காலும் மடங்கிற்று. அந்த நிசப்தத்தில் தலைவர் தீர்மானத்தை வாசித்தார், உறுப்பினர்களின் கைகள் உயர்ந்தன, இடிப்பது என்று முடிவாகிவிட்டது. வெளியே வந்தபோதுதான் என்ன நடந்தது என்று எங்களுக்கே உறைத்தது.

படிக்கட்டில் லெஸ்டர் அவளை மறித்தான். அவனுக்குக் கண் கலங்கியிருந்தது.

"நம்ம வாய நீங்களே மூடிக் குடுத்துட்டீங்க, மிஸ் வெர்லீன். அவங்களுக்குப் போலீஸ் வேணாம், நாய் வேணாம். நீங்க ஒரு ஆள் போதும்."

அவள் தன் வலது கையையே பார்த்தாள்.

"அந்தக் கையுறைய வீட்டுக்குப் போய் கொளுத்துங்க."

"டேய், யாரப் பாத்து என்ன பேசுற!" என்று நான் பாய்ந்தேன். வெர்லீன் அக்கா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டாள். வழி முழுக்க ஒரே ஒரு வார்த்தைதான் பேசினாள். "அவன் சொன்னது சரிதான்டி."

எங்கள் பக்கம் ஒடெட் ரெய்னி என்று ஒரு வக்கீல் பெண் இருந்தாள். சிகாகோவில் வளர்ந்தவள், படபடவென்று பேசுவாள். ஜனங்களின் மன்றமாகவே வைத்திருக்கிறோம் என்று நகரசபை எழுதிக் கொடுத்திருக்கிறதே, அதை வைத்து நீதிமன்றத்தில் தடை வாங்கலாம் என்றாள். ஆனால் நீதிபதி திங்கட்கிழமை மதியத்துக்கு மேல்தான், அதுவும் பக்கத்து ஊரில் உட்காருவார். இது எப்படியோ நகரசபைக்கு எட்டியது. திங்கட்கிழமை காலையிலேயே இடிப்பதற்கு ஆள் ஏற்பாடு பண்ணிவிட்டார்கள். மதியம் தடை வந்தாலும் மிஞ்சப்போவது செங்கல் குவியல்தான். "சாயங்காலம் வரைக்கும் எப்படியாவது தாக்குப்பிடிங்க," என்றாள் ஒடெட். எப்படி என்று அவளுக்கும் தெரியவில்லை. இயந்திரத்துக்கு முன்னால் படுக்கப் போகிறோம் என்றான் லெஸ்டர். படுத்தால் அள்ளிக்கொண்டு போய் வண்டியில் போடுவார்கள், அது எவ்வளவு நேரம் ஆகிற காரியம்?

அதற்கு முந்தின ஞாயிறு வெர்லீன் அக்கா வாசலில் நிற்கவில்லை. என் பக்கத்தில் பெஞ்சில் வந்து உட்கார்ந்தாள். சபையே திரும்பித் திரும்பிப் பார்த்தது. மடியில் வெறும் கைகள். எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் பைபிளுக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தாள்.

அன்றைக்கு ஜெபம் பண்ணுகிற முறை எங்கள் சபையின் மூத்த ஊழியர் டீக்கன் டாலிவருக்கு. பெயரைக் கேட்டாலே எங்கள் பெண்கள் பெருமூச்சு விடுவார்கள். அவர் ஜெபம் பண்ணுகிற ஞாயிறு யாரும் அடுப்பில் கோழி வைத்துவிட்டு வரமாட்டார்கள், கரிக்கட்டைதான் மிஞ்சும். ஆதாமில் ஆரம்பித்து, நோவாவின் பேழையில் ஒவ்வொரு மிருகமாக ஏற்றி, எகிப்துக்கு வருவதற்குள் குழந்தைகள் தூங்கிவிடும். போதும் என்று வெர்லீன் அக்கா பின்னால் நின்று விரல் காட்டுவாள். அது தெரிந்துதான் அவர் கண்ணைத் திறக்கவே மாட்டார். அன்று மழை கொட்டியது. தேர்தலுக்கு நிற்கிற வெள்ளைக்காரர் ஒருவர் எங்கள் கையைக் குலுக்கி ஓட்டுக் கேட்க வந்தார். வாசலில் நின்ற வில்லா டீன் புதுசு, பயந்த சுபாவம், ஆனால் வெர்லீன் அக்கா பழக்கிவிட்ட பெண். அவர் முகத்துக்கு எதிரே உள்ளங்கையைக் காட்டிவிட்டாள். மனுஷர் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வெளிப்படியில் நனைந்தார். நோவா பேழையை விட்டு இறங்கிக்கூட முடியவில்லை, அதற்குள் இவர் உள்ளாடை வரைக்கும் தெப்பமாகிவிட்டார். ஆனால் உள்ளே காலெடுத்து வைக்கவில்லை. எந்த நிறமானாலும் இந்தப் பக்கத்தில் பிறந்தவன் ஜெபத்துக்கு நடுவில் நுழையமாட்டான்.

நான் சிரிப்பை அடக்கப் படாதபாடு பட்டேன். பக்கத்தில் பார்த்தால் வெர்லீன் அக்கா சிரிக்கவில்லை. கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் காதோரம் சாய்ந்தாள்.

"இடெல்லா, டீக்கனுக்கு நாளைக்கு ஏதாவது வேல இருக்கா?"

திங்கட்கிழமை எல்லாருக்கும் வேலை நாள். என் கடைக்கு மட்டும் விடுமுறை, வெர்லீன் அக்கா பள்ளிக்கூடத்தில் லீவு சொல்லிவிட்டாள். மன்றத்தில் கூடினது அவ்வளவு பெரிய கூட்டம் இல்லை. டீக்கன் டாலிவர், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மூத்த சகோதரிகள் சிலர், நான், லெஸ்டரும் அவனுடைய மத்தளக்காரர்களும். லெஸ்டர் பின்சுவரில் சாய்ந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றான். "இது நடக்காது. வண்டி உள்ள வந்ததும் நான் போய் படுத்துக்குவேன்," என்றான். வெர்லீன் அக்கா அவனைப் பார்க்கவில்லை. இஸ்திரி போட்ட வெள்ளை உடுப்பில் வந்திருந்தாள். கையுறைகள் கையில் இருந்தன, இன்னும் மாட்டவில்லை.

"டீக்கன், உங்க இஷ்டத்துக்கு ஜெபம் பண்ணுங்க. யாரும் உங்களுக்கு விரல் காட்டமாட்டோம்."

அவருக்குக் காதில் தேன் பாய்ந்தது. "நெசமாவா சிஸ்டர்?"

"நெசமாத்தான். ஒண்ணு மட்டும் கேட்டுக்கோங்க எல்லாரும். ஜெபம் அறுந்து போகக் கூடாது. ஒருத்தர் குரல் ஓஞ்சா இன்னொருத்தர் பிடிச்சுக்கணும். நான் சொல்ற வரைக்கும் யாரும் ஆமென் சொல்லக் கூடாது. ஆமென் சொன்னா ஜெபம் முடிஞ்சுது, முடிஞ்சா அவங்க உள்ள வந்துருவாங்க."

சொல்லிவிட்டு கையுறைகளை மாட்டினாள், வெளிப்படியில் போய்க் கதவுக்கு முன்னால் நின்றாள். கையுறை மாட்டின பிறகு இவள் எப்படிச் சொல்லப்போகிறாள் என்று எங்களில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. நான் கதவுக்கு உள்பக்கம், ஒரு கீற்று திறந்து வைத்த இடத்தில் நின்றேன். பத்திரிகை ஆபீசுக்கு முன்கூட்டியே தொலைபேசியில் சொல்லி வைத்ததும் நான்தான், அதை நானே சொல்லிக்கொள்ளாவிட்டால் யார் சொல்லுவார்கள்?

இரும்புக்குண்டு தொங்குகிற கிரேன் வந்து நின்றது. அதன் மேஸ்திரி ஹூபர்ட் கெய்ன்ஸ், எங்கள் ஜனம்தான், பக்கத்து மாவட்டத்துக்காரர். அவர் கூட வந்த ஆட்களிலும் முக்கால்வாசி எங்கள் நிறம். உள்ளே ஆள் இல்லை என்று கண்ணால் பார்த்துவிட்டு, மின்சாரத்தைத் துண்டித்த பிறகுதான் குண்டை ஆட்ட முடியும். படியேறி வந்தார். வெள்ளைக் கையுறை அவர் முகத்துக்கு எதிரே உயர்ந்தது. உள்ளே டீக்கன் ஆதாமின் விலா எலும்பை எடுத்துக்கொண்டிருந்தார்.

கெய்ன்ஸ் நின்றுவிட்டார். காதைக் கொடுத்துக் கேட்டார். தலையில் இருந்த இரும்புத் தொப்பியைக் கழற்றினார்.

"ரொம்ப நேரமாகுமா சிஸ்டர்?"

நான் கீற்று வழியாகச் சொன்னேன். "இப்பதான் ஏதேன் தோட்டத்துல இருக்காரு."

அவர் படியில் உட்கார்ந்தார். ஆட்களும் ஒவ்வொருவராகத் தொப்பியைக் கழற்றிக்கொண்டு உட்கார்ந்தார்கள். கெய்ன்ஸ் முதலாளிக்குத் தொலைபேசியில் பேச முனைக்கடைக்குப் போவார், காது சிவந்து திரும்பி வருவார். போலீஸ் வண்டி ஒன்றும் வந்தது. ஜன்னல் வழியாக முட்டி போட்டிருக்கிற கிழவிகளையும், தெருவில் கேமராவோடு நிற்கிற பத்திரிகைக்காரனையும் பார்த்துவிட்டு, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு தள்ளி நிறுத்திக்கொண்டது.

"நான் உள்ள போகலைன்னா வேல போயிரும்னு முதலாளி சொல்றாரு," என்றார் கெய்ன்ஸ் ஒரு கட்டத்தில்.

"போங்க, யாரு வேணாம்னா?" என்றேன்.

"எங்கம்மா உயிரோட இருக்காங்க. ஜெபத்துக்கு நடுவுல நுழைஞ்சேன்னு அவங்க காதுல விழுந்தா வேல போறது பெருசில்ல." அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எப்படியும் முடியத்தானே வேணும். முடிஞ்சதும் போறேன்."

வெயில் ஏறிற்று. டீக்கன் மிருகங்களை ஏற்றினார், கடலைப் பிளந்தார், எரிகோவைச் சுற்றினார். குரல் கம்மும்போது மூத்த சகோதரிகள் ஒவ்வொருவராகப் பிடித்துக்கொண்டார்கள். நானும் ஒரு சுற்று ஜெபித்தேன். எனக்குத் தெரிந்தது சாப்பாட்டு ஜெபம்தான், அதையே நீட்டி ஒவ்வொரு காய்கறிக்கும் தனித்தனியாக நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். மறுபடியும் டீக்கன். கெளுத்தி மீனும் சோளரொட்டியும் பொட்டலத்தில் வந்தன, சாப்பிட வாய் ஒழியவில்லை. கதவுக் கீற்று வழியாக வெர்லீன் அக்காவின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெயிலில் உடுப்பு முதுகோடு ஒட்டியிருந்தது. ஒரு நாற்காலி கொண்டு வந்து வைத்தேன். பார்வையாலேயே என்னைத் துரத்தினாள்.

மூன்று மணியைத் தாண்டியிருக்கும், டீக்கனின் குரல் போயே போய்விட்டது. வாய் அசைகிறது, காற்றுதான் வருகிறது. சகோதரிகள் முனகலாக ராகம் இழுத்துப் பிடித்தார்கள். அதுவும் தேய்ந்து தேய்ந்து நின்றது. என் வாயைத் திறந்து பார்த்தேன், பயத்தில் ஒரு வார்த்தை வரவில்லை. மன்றத்துக்குள் சத்தமே இல்லை.

வெளியே கெய்ன்ஸ் எழுந்து நின்றார். "முடிஞ்சிருச்சா?" என்றார். அவருக்கே அதில் சந்தோஷம் இல்லை. இரும்புத் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு ஒரு படி ஏறினார்.

வெர்லீன் அக்கா திரும்பினாள். கதவுக் கீற்றில் அவள் முகம் தெரிந்தது. எங்களையெல்லாம் தாண்டி அவள் பார்வை பின்சுவருக்குப் போயிற்று. வலது கை உள்ளே நீண்டது. உள்ளங்கை மேலே பார்த்தது. மெதுவாக உயர்ந்தது.

லெஸ்டர் சுவரை விட்டு நிமிர்ந்தான். கட்டியிருந்த கை அவிழ்ந்தது. அவன் முகத்தில் கோபமா பயமா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டு அடி முன்னால் வந்தான்.

"கர்த்தாவே," என்றான். தொண்டையைச் செருமினான். "நான் உங்கிட்டப் பேசி ரொம்ப நாளாச்சு. ஏன்னு உனக்கே தெரியும். அந்தச் சண்டைய அப்புறம் வச்சுக்கலாம்."

ஒரு சகோதரிக்கு மூச்சே நின்றுவிட்டது. கெய்ன்ஸ் ஏறின படியிலிருந்து இறங்கித் தொப்பியை மறுபடி கழற்றினார்.

"இந்தச் சுவரு கோணலா இருக்கு. எங்க தாத்தா வச்ச சுவரு. பகல் முழுக்க அவங்களுக்கு நல்ல கல்லச் சுட்டுக் குடுத்துட்டு, சாயங்காலம் கழிச்சுப் போட்ட கல்ல எடுத்துட்டு வந்து நமக்குக் கட்டுனாரு. அவருக்கு எழுதத் தெரியாது. அதனால அவரு பேரு எங்கயும் இல்ல. நான் சொல்றேன், கேட்டுக்கோ. ஆம்ப்ரோஸ் பக்னர்."

பிறகு ஒவ்வொரு பெயராகச் சொன்னான். சூளையில் வேலை பார்த்தவர்கள், மணல் சுமந்தவர்கள், அவர்களுக்குச் சோறு கொண்டு வந்த பெண்கள். ஒரு பெயர் அவனுக்கு மறந்தால் ஒரு சகோதரி எடுத்துக் கொடுத்தாள். மத்தளக்காரர்களில் ஒருவன் விரல் நுனியால் மத்தளத்தைத் தொட்டான், ஒவ்வொரு பெயருக்கும் ஒரு தட்டு. குரல் போன டீக்கன் டாலிவர் மத்தளத்தைப் பார்த்து முகம் சுளிப்பார் என்று நினைத்தேன். அவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்புறம், அன்னைக்கு நான் உக்காந்துட்டேன்," என்றான் லெஸ்டர். "பழிய ஒரு கை மேல போட்டேன். மடங்குனது என் முட்டி. அதையும் நீ எழுதிக்கோ."

எனக்குக் கண்ணை மறைத்தது. அந்த நேரம் பார்த்துத் தெருமுனையில் ஒரு கார் வந்து நின்றது. ஒடெட் ரெய்னி ஒரு செருப்பைக் காரிலேயே விட்டுவிட்டு ஓடி வந்தாள். கையில் காகிதம்.

"ஜட்ஜ் தடை குடுத்துட்டாரு! இடிக்கக் கூடாது! சிஸ்டர், ஜெயிச்சிட்டோம்!"

வெள்ளைக் கையுறை அவள் முகத்துக்கு எதிரே உயர்ந்தது.

"அய்யோ, என்ன இது? நான்தான், ஒடெட். நான் உங்க வக்கீல்!"

உள்ளங்கை அசையவில்லை. வெர்லீன் அக்காவின் கன்னத்தில் கண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, ஆனால் உள்ளங்கை அசையவில்லை.

"மேடம், ஜெபம் நடக்குது," என்றார் கெய்ன்ஸ் மரியாதையாக.

"யாரு சார் நீங்க?"

"இடிக்க வந்தவன்."

ஒடெட் அவரையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தாள். அவர் காகிதத்தை வாங்கி நிதானமாகப் படித்தார். மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு, படியில் அவளுக்கு இடம் விட்டுத் தள்ளி உட்கார்ந்தார். சிகாகோக்காரி ஒற்றைச் செருப்போடு உட்கார்ந்தாள். வேறு என்ன செய்வாள்?

உள்ளே லெஸ்டருக்கு எதுவும் தெரியாது. சொல்ல எனக்குத் துணிவில்லை. பெயர்கள் தீர்ந்துகொண்டே வந்தன, அவன் குரலும் கரகரத்தது.

"கடைசியா ஒருத்தங்க," என்றான். "இந்தக் கதவு மொதல்ல தொறந்த அன்னைக்கு, எங்க தாத்தாவுக்கு உள்ள வரத் தெரியலயாம். பக்கத்துல வழியத் தேடிட்டு நின்னாராம். எங்கம்மா சொல்லியிருக்காங்க. வாசல்ல நின்ன சின்னப் பொண்ணு வாயத் தொறக்காம கையக் காட்டுச்சாம், இதுதான் உங்க வழின்னு. அவங்க பேரு வெர்லீன் ஸ்டர்டிவன்ட். அவங்க இன்னும் நின்னுட்டிருக்காங்க. கொஞ்சம் உக்கார விடு கர்த்தாவே."

மத்தளம் ஒரு தட்டுத் தட்டி ஓய்ந்தது. அவனுக்குச் சொல்ல இனி எதுவும் இல்லை. ஆமென் சொல்லவும் அனுமதி இல்லை. வாயைத் திறந்தபடி நின்றான்.

வெர்லீன் அக்கா முதுகிலிருந்து இடது கையை எடுத்தாள். விறைத்துப்போன கை, மெதுவாகத்தான் வந்தது. ஒவ்வொரு விரலாக இழுத்து வலது கையுறையைக் கழற்றினாள். இடது கையுறையைக் கழற்றினாள். இரண்டையும் மடித்து இடுப்புப் பட்டையில் செருகினாள். பிறகு பள்ளிக்கூடச் சமையலறைக் குரலில், தெருக்கோடியில் போலீஸ் வண்டிக்குள் இருந்தவர்களும் திரும்பிப் பார்க்கிற மாதிரி, "ஆமென்!" என்றாள்.

"ஆமென்," என்றார் கெய்ன்ஸ். கிரேன்காரனைப் பார்த்து, போகலாம் என்று கையைக் காட்டினார்.

உள்ளே நாங்கள் அழுததையும் கத்தினதையும் சொல்லி மாளாது. வெர்லீன் அக்கா இரண்டு கதவையும் அகலத் திறந்து வைத்துவிட்டு உள்ளே வந்தாள். லெஸ்டருக்கு முன்னால் நின்றாள்.

"நல்லாத்தான் பண்ண. நீளம் கொஞ்சம் ஜாஸ்தி."

"மிஸ் வெர்லீன், நான் அன்னைக்கு..."

"கர்த்தர் எழுதிக்கிட்டாரு, விடு." இடுப்பிலிருந்து கையுறைகளை உருவி நீட்டினாள். "கொளுத்தணும்னியே, இந்தா."

அவன் வாங்கிக்கொண்டான். மத்தளம் அடித்துக் காய்த்த கை, விரல் முட்டிக்கு மேல் கையுறை ஏற மறுத்தது. இழுத்துப் பார்த்தான், தையல் விட்டது. எல்லோரும் சிரித்தோம், அவனும் சிரித்தான். சேதி கேட்டு, வேலை முடிந்தவர்கள் சீருடையோடும் சாப்பாட்டு டப்பாவோடும் தெருவில் ஓடி வந்துகொண்டிருந்தார்கள். லெஸ்டர் பாதி மாட்டின கையுறைகளோடு வாசலுக்குப் போனான். இடது கையை முதுகுக்குப் பின்னால் மடக்கினான்.

வெர்லீன் அக்கா முன்வரிசையில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து காலணிகளைக் கழற்றினாள். அந்த மன்றத்தில் அவள் உட்கார்ந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. கால் இரண்டும் வீங்கியிருந்தன. தேய்த்துவிடலாம் என்று நான் குனிந்தேன். "இருடி, கொஞ்சம் தள்ளு," என்றாள். கதவு வழியாக உள்ளே வருகிறவர்களின் முகத்தை அவள் பார்க்க வேண்டியிருந்தது.